கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர்

சித்திரை பிறந்து இரண்டு கிழமையில் மே தினம் வரும். இந்தியாவில் முதன்முதலாக அதைக் கொண்டாடியவர் ஒரு தமிழர் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. அவர்தான் ம. சிங்காரவேலர்.

1860 பெப்ரவரி 18 ஆம் திகதி சென்னையில் ஒரு மீனவர் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் அந்தச் சமூகத்துப் பிள்ளை கல்லூரிக்குப் போவதே பெரிய காரியம். அவரோ சட்டமும் படித்து, 1907 இல் உயர் நீதிமன்ற வக்கீலானார். ஆனால் 1921 இல், ஒத்துழையாமை இயக்கம் நடந்தபோது, வக்கீல் அங்கியை எரித்துவிட்டுத் தொழிலாளர் பக்கம் வந்து நின்றார்.

1923 மே 1 ஆம் திகதி சென்னைக் கடற்கரையில் இரண்டு இடங்களில் மே தினக் கூட்டம் நடத்தி, தொழிலாளர் விவசாயிகளுக்கென்று ஒரு கட்சியும் தொடக்கினார். 1928 இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தில் முன்னுக்கு நின்றதற்காக 68 வயதில் சிறைக்குப் போனார்.

வெளியில் வந்தும் சும்மா இருக்கவில்லை. பெரியாரின் 'குடிஅரசு' பத்திரிகையில் எழுதினார். சமூகவியலுக்கு அடித்தளம் போட்ட கார்ல் மார்க்ஸ், ஹேர்பர்ட் ஸ்பென்சர் போன்றோரின் சிந்தனைகளைத் தமிழில் கொண்டுவந்தவர்களில் அவர் முன்னோடி. சமூகமும் ஒரு உடம்பு மாதிரி, ஒரு உறுப்பை நம்பித்தான் மற்ற உறுப்பு இருக்கு என்றார் ஸ்பென்சர். அந்த உடம்புக்குள்ளே உழைக்கிறவன் ஒருவன், பலனை எடுக்கிறவன் இன்னொருவன் என்று காட்டினார் மார்க்ஸ்.

மார்க்ஸ் சொன்ன 'உபரி மதிப்பு' எங்களுக்குப் புதினமில்லை. எட்டு மணித்தியாலம் மெசினில் இருந்து தைக்கிறோம். எங்கட சம்பளத்தின் பெறுமதி அதில் முதல் சில மணித்தியாலத்திலேயே வந்துவிடும். மிச்ச நேர உழைப்பின் பெறுமதி முதலாளிக்கு. அதுதான் உபரி மதிப்பு.

சிங்காரவேலர் 1946 பெப்ரவரி 11 இல் காலமானார். பெரிய படிப்பெல்லாம் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று அவர் நினைக்கவில்லை. அதனால்தான் தமிழில் எழுதினார்.

இங்கே மொன்றியலில் எங்கட பிள்ளைகள் சீஜெப்பில் மார்க்சைப் பிரெஞ்சில் படிக்கினம். பக்டறிக்குப் போற அப்பா அம்மாவுக்கு உதெல்லாம் விளங்காது என்று சில பிள்ளைகள் நினைக்கக்கூடும். விளங்கும். எங்கட வேலையைப் பற்றித்தானே அந்த மனுசன் எழுதினது! இந்த வருசம் மே தினத்தன்று, சாப்பிடேக்கை, சிங்காரவேலரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கோ. பேச்சு தானாக வரும்.