தங்கைக்காக அழுததோடு நிற்காத டாக்டர் அம்மா

கர்ப்பிணிகளுக்கு அரசு தர்ற உதவித்தொகையில டாக்டர் முத்துலட்சுமி ரெட்டின்னு பேர் இருக்கே, அந்த அம்மாவைப் பத்தித்தான் எழுதுறேன். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பசங்க மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்தார். 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கி, அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அழுததோடு நிற்கவில்லை. மாதர் சங்கப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டி, 1954-ல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 67.

நம்ம திருநின்றவூர்ப் பக்கத்துல மார்பில் கட்டின்னா வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லாம மறைக்கிறவங்க இன்னமும் இருக்காங்க. முத்தின பிறகு போனா வைத்தியம் கஷ்டம். குழுக் கூட்டத்தில் கடன், தவணை பேசுற மாதிரி இதையும் வாய்விட்டுப் பேசுவோம், சகோதரிகளே.