மயிலாப்பூர் சந்திராவும் கொதிக்கும் கோள்களும்

மெரினா கடற்கரையில் மாலைக் காற்று சிலுசிலுவென்று வீசும்போது, ஒரு காந்தத்தை எடுத்து அதற்கு நேரே பிடித்தால் காற்று நின்றுவிடுமா? நிற்காது. ஆனால், காந்தத்தின் பிடியில் சிக்கிக் காற்றின் வேகம் குறையும் உலகங்களும் வானத்தில் உண்டு என்கிறார்கள் விஞ்ஞானிகள். காந்தம் இப்படிச் செய்யும் வேலையைக் கணக்குப் போட்டு ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் நம் மயிலாப்பூரில் வளர்ந்தவர். அவர்தான் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். நண்பர்களுக்கு அவர் 'சந்திரா'.

சந்திரா 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். அப்பா சுப்பிரமணிய ஐயருக்கு ரயில்வே கணக்குத் துறையில் வேலை. சர் சி.வி. ராமன் இவருக்குச் சித்தப்பா. அம்மா சீதாலட்சுமி, இப்சன் எழுதிய ஒரு நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். 1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. பிறகு மயிலாப்பூரில் 'சந்திர விலாஸ்' என்ற வீட்டைக் கட்டிக்கொண்டு குடியேறியது.

சிறு வயதில் சந்திரா பள்ளிக்கூடமே போகவில்லை. வீட்டிலேயே பாடம்! பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், அதன்பின் மெரினாவுக்கு எதிரே உள்ள மாநிலக் கல்லூரியிலும் படித்தார்.

1928இல் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய தடிமனான புத்தகத்தை சந்திரா தானாகவே படித்து முடித்திருந்தார். ஆசையோடு அவரைப் பார்க்கப் போனவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. அந்தப் புத்தகத்தில் இருந்த இயற்பியல் அதற்குள் பழசாகிவிட்டது என்று அதை எழுதியவரே சொல்லிவிட்டார். நாமாக இருந்தால் சோர்ந்து போயிருப்போம். சந்திராவோ புதிய பாடத்தை முதலிலிருந்து கற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அப்போது அவர் கல்லூரி மாணவர்தான்!

1930 ஜூலை 31 அன்று, மேல்படிப்புக்காக பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார். வயது 19. பயணத்தின்போது நட்சத்திரங்களைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டே போனார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி 'வெள்ளைக் குள்ளன்' ஆகும். ஆனால் அதற்கும் ஓர் எடை வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் வெள்ளைக் குள்ளனாக நிலைத்திருக்க முடியாது என்று கண்டுபிடித்தார். அந்த வரம்பு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. இன்று அதற்குப் பெயர் 'சந்திரசேகர் வரம்பு'.

1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் இதை விளக்கினார். அன்றைக்குப் புகழின் உச்சியில் இருந்த எடிங்டன் அதே மேடையில் எழுந்து, இது சரியல்ல என்று கேலி செய்தார். பெரியவருக்கு எதிராகப் பேச யாரும் முன்வரவில்லை. சந்திரா மனம் நொந்தார். ஆனாலும் சண்டை போட்டுக் காலத்தை வீணாக்கவில்லை. 1937இல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலையில் சேர்ந்தார். தான் கண்டதையெல்லாம் 1939இல் புத்தகமாக எழுதிவிட்டு, வேறொரு துறைக்கு மாறிவிட்டார்.

அதுவே அவருடைய வழக்கம் ஆயிற்று. ஒரு துறையை எடுத்துக்கொள்வார். பல ஆண்டுகள் அதிலேயே மூழ்குவார். ஒரு பெரிய புத்தகம் எழுதுவார். பிறகு புது மாணவனைப்போல அடுத்த துறையில் நுழைவார்!

1950களில் அவர் எடுத்துக்கொண்ட துறைதான் காந்தம். சூரியனில் உள்ள வாயுவும், பூமியின் ஆழத்தில் உருகிக் கிடக்கும் இரும்பும் மின்சாரத்தைக் கடத்துபவை. அவை ஓடும்போது அங்கே காந்தப் புலமும் இருந்தால் என்ன ஆகும்? ஓட்டம் ஜெயிக்குமா, காந்தம் ஜெயிக்குமா? இதுதான் அவருடைய கேள்வி.

அடுப்பில் பாத்திரம் நிறைய தண்ணீர் வைத்தால் அடியிலுள்ள சூடான நீர் மேலே வரும், மேலே உள்ளது கீழே போகும் அல்லவா? பாதரசத்தைச் சூடாக்கினாலும் அப்படித்தான். ஆனால் அதைப் பலமான காந்தத்துக்கு நடுவே வைத்தால் இந்தச் சுழற்சி எளிதில் தொடங்காது என்று சந்திராவின் கணக்கு சொன்னது. சிகாகோவில் பாதரசத்தை வைத்துச் சோதித்தார்கள். கணக்கு சரியாகவே இருந்தது! காந்தத்தின் பிடி எவ்வளவு பலமானது என்பதை அளக்கும் எண்ணுக்கு 'சந்திரசேகர் எண்' என்றே பெயர். 1961இல் இவற்றையெல்லாம் 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட புத்தகமாக எழுதினார்.

1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இளமையில் கேலிக்கு ஆளான அதே நட்சத்திர ஆராய்ச்சிக்கும் அதில் பங்கு உண்டு. 1995 ஆகஸ்ட் 21 அன்று, 84 வயதில் சிகாகோவில் காலமானார்.

அவர் மறைந்து 46 நாள்கள்தான் ஆகியிருந்தன. அக்டோபர் 6 அன்று ஒரு செய்தி உலகத்தையே வியக்க வைத்தது. சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை மேயர், குவெலோஸ் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருந்தார்கள். அதன் பெயர் 51 பெகாசி பி. வியாழனைப் போன்ற பெரிய வாயுக் கோள். ஆனால் தன் நட்சத்திரத்தை 4 நாள்களுக்குச் சற்று அதிகமான நேரத்தில் சுற்றிவிடுகிறது. நம் புதனுக்கே 88 நாள் ஆகும்! அவ்வளவு நெருக்கம் என்றால் எவ்வளவு சூடு இருக்கும்! இப்படிப்பட்ட கோள்களை 'சூடான வியாழன்கள்' என்கிறார்கள்.

இவற்றின் ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு. பகல் பக்கத்திலிருந்து காற்று மணிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. மிகவும் சூடான கோள்களில், நம் சமையல் உப்பில் உள்ள அதே சோடியத்தின் அணுக்கள் கொதிப்பில் எலக்ட்ரான்களை இழக்கின்றன. உடனே காற்று மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது.

தாத்தா காலத்து சைக்கிளில் டைனமோ பார்த்திருக்கிறீர்களா? அதைச் சக்கரத்தோடு சேர்த்தால் விளக்கு எரியும், ஆனால் பெடல் மிதிப்பது கனமாகிவிடும். அதேபோல, இந்தக் காற்று கோளின் காந்தப் புலத்தில் பாயும்போது மின்சாரம் உண்டாகிறது. அந்த மின்சாரமே காற்றுக்குப் பிரேக் போடுகிறது. இஸ்திரிப் பெட்டி சூடாவதுபோல் கோளையும் சூடாக்குகிறது. சில கோள்கள் பூரிபோல உப்பிக் கிடப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். நம் மெரினா காற்று மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் உங்கள் காந்தத்தைக் கண்டு அது பயப்படுவதில்லை!

1999இல் அமெரிக்கா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு இவர் நினைவாக 'சந்திரா' என்று பெயர் வைத்தார்கள். அது கோரோ-2பி என்ற சூடான வியாழனின் நட்சத்திரத்தைப் பார்த்தது. அந்த நட்சத்திரத்தின் காந்தக் கொந்தளிப்பால் எழும் எக்ஸ்-கதிர்கள் கோளைத் தாக்கி, விநாடிக்குச் சுமார் 50 லட்சம் டன் பொருளை அரித்துச் செல்லலாம் என்று 2011இல் கணக்கிட்டார்கள்.

அதே கோளில் இன்னொரு புதிர். பெரும்பாலான சூடான வியாழன்களில் காற்று கிழக்கே வீசுவதால், மிகச் சூடான இடமும் கிழக்கே தள்ளிப்போகும். கோரோ-2பியில் அது மேற்கே இருப்பதாக 2018இல் தெரிந்தது. காந்தம் செய்த வேலையா? மேகங்களா? கோள் தன்னைத்தானே சுற்றும் வேகம் காரணமா? இன்னும் முடிவாகவில்லை.

பார்த்தீர்களா நண்பர்களே! சந்திரா காந்தக் கணக்குகளைப் போட்டபோது, சூடான வியாழன் ஒன்றைக்கூட யாரும் கண்டதில்லை. பலன் எப்போது வரும், யாருக்கு வரும் என்று பார்க்காமல் சரியாகச் செய்து வைத்தார். இன்றைக்கு அது பயன்படுகிறது. கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் போனால் இந்த உலகங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கோரோ-2பியின் புதிரை நாளை உங்களில் ஒருவர் அவிழ்க்கலாம்!