நண்பர் எழுத்தைக் காத்த ஆகஸ்ட் டெர்லெத்



ஒருவர் இறந்தபின் அவர் உடைமையைப் பங்கிட முன்வருவார் பலர். அவர் எழுத்தைக் காக்க முன்வருவார் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க நாட்டு ஆகஸ்ட் டெர்லெத் என்பார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அவர் 1909ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் விஸ்கான்ஸின் மாகாணத்து ஸாக் ஸிடி என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமை தொட்டே எழுத்தில் வேட்கை மிக்கவர். அச்சமும் வியப்பும் ஒருங்கே விளைக்கும் அமானுஷியக் கதைகளை வெளியிட்டு வந்த 'வியர்ட் டேல்ஸ்' என்னும் பத்திரிகையில் 1926ஆம் ஆண்டு அவருடைய முதற் கதை வெளிவந்தது. அப்பொழுது அவர்க்குப் பிராயம் பதினேழு. அவ்வாண்டிலேயே, அப்பத்திரிகையில் எழுதிவந்தாருள் தலைசிறந்த எச். பி. லவ்கிராப்ட் என்பாரோடு கடிதத் தொடர்பு கொண்டார். லவ்கிராப்ட் வாழ்ந்ததோ கிழக்குக் கரையோரத்துப் பிராவிடென்ஸ் நகரில். பதினோராண்டு ஓலை போயிற்று, ஓலை வந்தது. இருவரும் ஒருமுறையேனும் நேரிற் கண்டிலர்.

1937ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் லவ்கிராப்ட் தமது நாற்பத்தாறாம் வயதில் வறியராகவே காலமானார். அவர் கதைகள் மலிவான தாளில் அச்சிட்ட பத்திரிகைகளிற் சிதறிக் கிடந்தன. அத்தாளோ சில ஆண்டுகளிற் பழுத்து நொறுங்கும் இயல்பிற்று. டெர்லெத், டொனால்டு வான்ட்ரை என்னும் நண்பரோடு கூடி அக்கதைகளைத் தொகுத்தார். ஸ்கிரிப்னர், ஸைமன் அண்டு ஷூஸ்டர் என்னும் பெரும் பதிப்பகத்தார் இருவரும் அத்தொகுதியை ஏற்க மறுத்தனர்.

மறுக்கப்பட்டும் நண்பர் இருவரும் மனந்தளர்ந்திலர். 1939ஆம் ஆண்டு தாமே ஒரு பதிப்பகந் தொடங்கினர். லவ்கிராப்ட் தம் கதைகளிற் படைத்த கற்பனையூராகிய ஆர்க்காமின் பெயரால் அதற்கு 'ஆர்க்காம் ஹவுஸ்' என்று பெயரிட்டனர். டெர்லெத் தமக்கு வீடு கட்டுதற்கு வங்கியிற் பெற்ற கடனில் ஒரு பகுதியை அச்சுச் செலவிற்கு ஈந்தார். 'தி அவுட்சைடர் அண்டு அதர்ஸ்' என்னும் அம்முதல் நூல் 1,268 பிரதிகள் அச்சாயின. விலை ஐந்து டாலர். முன்பணம் விடுப்போர்க்கு மூன்றரை டாலர். முன்பணம் விடுத்தோர் ஏறக்குறைய 150 பேரே! பிரதிகள் விற்றுத் தீர ஏறத்தாழ நான்காண்டு சென்றன.

1942இல் வான்ட்ரை போர்ப்படையிற் சேர, பாரம் முழுதும் டெர்லெத்தின் தோள்மீது விழுந்தது. அவ்வாண்டில் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்தின் கதைத்தொகுதியை வெளியிட்டார். 1945இல் ராபர்ட் பிளாக்கின் முதல் நூலும், 1947இல் ரே பிராட்பரியின் முதல் நூலும் இப்பதிப்பகத்தினின்றே வெளிவந்தன. பிற்காலத்தே பெரும்புகழ் எய்திய அவ்விருவர்க்கும் முதல் வாயில் திறந்தது இச்சிறு பதிப்பகமேயாம். ஆயினும் இதன் வரவு செலவிற்கு ஈடாகவில்லை. டெர்லெத் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைத் தாம் எழுதி, அவ்வூதியத்தைக் கொண்டே குறையை நிரப்பினார்.

இனி, அவர்பாற் கண்ட குற்றத்தையும் மறைத்தல் தகாது. லவ்கிராப்ட் விட்டுச்சென்ற குறிப்புகளைத் தாம் விரித்தெழுதி, இருவர் பெயரானும் கதைகள் வெளியிட்டார். 1945இல் வந்த ஒரு நெடுங்கதையில் லவ்கிராப்ட் எழுதியன ஏறக்குறைய 1,200 சொற்களே. எஞ்சிய பல்லாயிரம் சொற்களும் டெர்லெத்தினுடையன. ஏடு ஆராய்வோர் இடைச்செருகல் என்று கடிவது இத்தகையதையன்றோ? இறந்தார் மறுத்துரைக்க மாட்டார். ஆதலின் அவர் வாயில் நம் சொல்லை வைத்தல் ஆகாது. அன்பு மிகுதியால் நேர்ந்ததேனும் பிழை பிழையே.

எனினும், அப்பிழையைக் கண்டறிய உதவும் கருவியையும் அவரே நல்கினார். லவ்கிராப்ட் நண்பர் பலர்க்கு வரைந்த கடிதங்களை வான்ட்ரையோடு தேடித் திரட்டி, 1965 முதல் தொகுதி தொகுதியாக வெளியிடலானார். அவை முற்றுப்பெறுமுன் 1971ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் தாம் பிறந்த ஊரிலேயே மறைந்தார். ஐந்தாந் தொகுதி 1976இல் வெளிவந்து அப்பணி நிறைவெய்திற்று. லவ்கிராப்டின் சொந்தக் குரல் யாது என்பதை இன்று கற்போர் அக்கடிதங்களாற் றெளிகின்றனர்.

2005ஆம் ஆண்டு, அமெரிக்கப் பேரிலக்கியங்களை வெளியிடும் 'லைப்ரரி ஆப் அமெரிக்கா' வரிசையில் லவ்கிராப்டின் கதைகள் இடம்பெற்றன. பெரும் பதிப்பகங்கள் ஒதுக்கிய எழுத்து அவ்விடத்தை அடைந்ததற்கு, வீட்டுக் கடனை நூற்கடனாக்கிய இச்சிற்றூரார் முதற் காரணராவர். குற்றமும் குணமும் நாடி நோக்குவார்க்கு அவர்பால் மிகுவது குணமே என்பது எம் துணிபு.