பால் ஹெர்மன் முல்லர்

பால் ஹெர்மன் முல்லர் (சனவரி 12, 1899 – அக்டோபர் 1965) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஒரு வேதியியலாளர் ஆவார். டிடிடி (டைகுளோரோடைபீனைல்டிரைகுளோரோஈத்தேன்) எனப்படும் சேர்மம் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உடையது என்பதை 1939 இல் கண்டறிந்தவர் இவரே. இதற்காக 1948 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. பயிர்களைக் காப்பதற்காகத் தேடப்பட்ட இப்பொருள் கோடிக்கணக்கான மக்களை நோயிலிருந்து காத்தது. பின்னர் சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவிப்பது எனக் கண்டறியப்பட்டு, உலகின் பெரும்பாலான நாடுகளில் வேளாண்மைப் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது. இப்புகழுக்கும் பழிக்கும் காரணமாக அமைந்தது நீண்டநாள் சிதையாமல் இருத்தல் என்ற ஒரே பண்பாகும்.

இளமையும் கல்வியும்

முல்லர் சுவிட்சர்லாந்தின் ஓல்ட்டன் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை சுவிட்சர்லாந்து தொடர்வண்டித் துறையில் பணியாற்றியவர். குடும்பம் பின்னர் பாசல் நகரில் குடியேறியது. முல்லர் 1916 இல் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வேதித் தொழிற்சாலை ஒன்றில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். அங்கும் அடுத்துப் பணியாற்றிய மற்றொரு நிறுவனத்திலும் கிடைத்த செய்முறை அறிவு பிற்காலத்தில் இவருக்குப் பெரிதும் உதவியது. 1918 இல் மீண்டும் பள்ளிக்குச் சென்று படிப்பை முடித்தார். பின்னர் பாசல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று 1925 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு மே மாதம் பாசல் நகரிலிருந்த கெய்கி நிறுவனத்தில் ஆய்வு வேதியியலாளராகப் பணியில் அமர்ந்தார். 1927 இல் திருமணம் செய்துகொண்டார். இவருக்கு மூன்று பிள்ளைகள். தாவரவியலிலும் தோட்டக்கலையிலும் ஈடுபாடு கொண்டிருந்த இவர், ஓய்வு நேரத்தில் மலைப்பகுதிகளில் நடப்பதை விரும்பினார்.

பயிர்ப் பாதுகாப்பு ஆய்வு

கெய்கி நிறுவனத்தில் முல்லர் முதலில் தாவரச் சாயங்கள், தோல் பதனிடும் பொருள்கள் ஆகியவற்றை ஆராய்ந்தார். பின்னர் விதைகளைப் பூஞ்சைகளிலிருந்து காக்கும் பாதரசம் கலவாத மருந்து ஒன்றை உருவாக்கினார். 1935 அளவில் அவரது கவனம் பூச்சிக்கொல்லிகளின்பால் திரும்பியது.

அக்காலத்தில் உழவர்களிடம் இருந்த பூச்சிமருந்துகள் இரு வகையின. ஈய ஆர்சனேட், கால்சியம் ஆர்சனேட் போன்ற ஆர்செனிக் சேர்மங்கள் ஒரு வகை. இவை மனிதருக்கும் கால்நடைகளுக்கும் கொடிய நஞ்சாகும். மேலும், இலையைத் தின்னும் பூச்சிகளின் வயிற்றுக்குள் சென்றாலே இவை வேலை செய்யும். மற்றொரு வகை பைரித்திரம், ரோட்டினோன், நிக்கோட்டின் முதலிய தாவரப் பொருள்கள். இவற்றுள் பைரித்திரமும் ரோட்டினோனும் ஒளியிலும் காற்றிலும் விரைவில் சிதைந்துவிடும்.

ஒரு நல்ல பூச்சிக்கொல்லிக்கு இருக்க வேண்டிய பண்புகளை முல்லர் ஏழாக வகுத்துக்கொண்டார். அவையாவன:

1. பூச்சிகளுக்கு மிகுந்த நஞ்சாக இருத்தல்
2. விரைவாகச் செயற்படுதல்
3. பாலூட்டிகளுக்கும் தாவரங்களுக்கும் தீங்கு செய்யாமை
4. எரிச்சலும் கெட்ட மணமும் இல்லாமை
5. இயன்றவரை பலவகைப் பூச்சிகளைக் கொல்லுதல்
6. நீண்டநாள் சிதையாமல் செயற்படுதல்
7. விலை குறைவாக இருத்தல்

உடலில் பட்டாலே பூச்சியைக் கொல்லும் தொடுநஞ்சு ஒன்றே இவற்றை நிறைவேற்றும் என்று அவர் கருதினார்.

டிடிடி கண்டுபிடிப்பு

முல்லரின் ஆய்வுமுறை எளிமையானது. கண்ணாடிக் கூண்டு ஒன்றில் ஈக்களை அடைத்து, தான் உருவாக்கிய சேர்மத்தை அதில் தெளித்து விளைவைக் கவனிப்பார். நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் பயனற்றவையாயின. 1939 செப்டம்பரில் குளோரோபென்சீனையும் குளோராலையும் சேர்த்து உருவாக்கிய சேர்மம் அவர் தேடியதாக அமைந்தது. இச்சேர்மம் புதியதன்று. ஆஸ்திரிய வேதியியலாளர் ஒத்மார் சைட்லர் 1874 இலேயே இதை உருவாக்கியிருந்தார். ஆனால் அதற்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டென்பதை 65 ஆண்டுகளாக எவரும் அறியவில்லை.

டிடிடி மெதுவாகவே செயற்பட்டது. ஆயினும் அதன் நிலைப்புத்தன்மை வியப்பளித்தது. கூண்டை நன்கு கழுவித் துடைத்த பின்பும், புதிதாக விடப்பட்ட ஈக்கள் அதன் சுவரைத் தொட்டதும் வீழ்ந்தன. கூண்டைப் பிரித்துக் கழுவி ஏறத்தாழ ஒரு மாதம் வெளிக்காற்றில் வைத்த பிறகே முல்லரால் அடுத்த சோதனையைத் தொடங்க முடிந்தது. பூச்சியின் நரம்புகளிலுள்ள சோடியம் வழித்தடங்களை மூடவிடாமல் தடுப்பதால் டிடிடி வலிப்பை உண்டாக்கிக் கொல்கிறது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

வயலிலும் போர்க்களத்திலும்

அப்போது இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்தது. உணவு இறக்குமதி சுருங்கியிருந்த சுவிட்சர்லாந்தில் கொலராடோ வண்டு உருளைக்கிழங்குப் பயிரை அழித்துவந்தது. அதன்மீது நடத்திய வயற்சோதனைகளில் டிடிடி வெற்றி பெற்றது. 1940 இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. பயிர்களுக்கான மருந்து கெசரோல் என்ற பெயரிலும், பேன் முதலியவற்றுக்கான மருந்து நியோசிட் என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தன.

உடற்பேன்களால் பரவும் டைபசு காய்ச்சல் 1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்சு நகரில் பரவியது. நேச நாட்டுப் படையினர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குப் பேன்கொல்லிப் பொடி தூவி அதனைக் கட்டுப்படுத்தினர். இதில் டிடிடி முக்கிய பங்காற்றியது. போருக்குப் பின் மலேரியா ஒழிப்பில் டிடிடி பயன்படுத்தப்பட்டது. வீட்டுச் சுவர்களில் தெளித்தால் பல மாதங்கள் கொசுக்களைக் கொல்வதால், முல்லர் விரும்பிய ஆறாவது பண்பே இங்கு உயிர்காத்தது. இலங்கையில் 1946 இல் 28 இலட்சமாக இருந்த மலேரியா நோயாளர் எண்ணிக்கை 1963 இல் 17 ஆகக் குறைந்தது. தெளிப்பு நிறுத்தப்பட்ட சில ஆண்டுகளில் நோய் மீண்டும் பரவியது.

மருத்துவர் அல்லாத முல்லருக்கு 1948 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தமைக்கு இத்தகைய பயன்களே காரணம்.

எதிர்விளைவுகள்

வேளாண்மையில் டிடிடி மிகப் பெரிய அளவில், பெரும்பாலும் தேவையை ஆராயாமல் தெளிக்கப்பட்டது. ஐந்தாவது பண்பின் தீமை முதலில் வெளிப்பட்டது. தீய பூச்சிகளோடு அவற்றைத் தின்னும் நல்ல பூச்சிகளும் மடிந்தன. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் செதிள்பூச்சிகளை அடக்கிவைத்திருந்த பொறிவண்டுகள் அழிந்ததால், செதிள்பூச்சிகள் மீண்டும் பெருகின. இன்னொருபுறம், 1946 இலேயே சுவீடனில் டிடிடியால் சாகாத வீட்டு ஈக்கள் காணப்பட்டன.

ஆறாவது பண்பின் தீமை மெதுவாகத் தெரிந்தது. டிடிடி நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே அது உயிரினங்களின் உடற்கொழுப்பில் தங்கி, உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்லச் செறிவடைந்தது. அதன் சிதைபொருளால் வல்லூறு, கழுகு போன்ற பறவைகளின் முட்டை ஓடுகள் மெலிந்து உடைந்தன. அமெரிக்க உயிரியலாளர் ரேச்சல் கார்சன் 1962 இல் வெளியிட்ட மௌன வசந்தம் என்ற நூல் பூச்சிக்கொல்லிகளின் கேடுகளைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தது. எல்லாப் பூச்சிக்கொல்லிகளையும் கைவிடுமாறு அவர் கோரவில்லை. ஆராயாமல் அளவின்றித் தெளிப்பதையே எதிர்த்தார்.

அமெரிக்காவில் 1972 இலும், இந்தியாவில் 1989 இலும் வேளாண்மையில் டிடிடி பயன்பாடு நிறுத்தப்பட்டது. 2001 இல் ஏற்கப்பட்டு 2004 இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மட்டும் இதற்கு இடமளித்தது.

இறுதிக் காலம்

முல்லர் 1946 இல் கெய்கி நிறுவனத்தின் பயிர்ப் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவின் துணை இயக்குநரானார். 1961 இல் ஓய்வு பெற்ற பிறகும் தம் வீட்டிலேயே ஆய்வகம் அமைத்து ஆய்வைத் தொடர்ந்தார். 1965 அக்டோபரில் காலமானார். பெரும்பாலான தடைகள் அவர் மறைவுக்குப் பின்னரே வந்தன.

முக்கியத்துவம்

அவர் வகுத்த ஏழு பண்புகளுள் விரைவு, குறைந்த தீங்கு, மலிவு ஆகியவை இன்றும் எதிர்பார்க்கப்படுகின்றன. பலவகைப் பூச்சிகளைக் கொல்லுதல், நீண்டநாள் நிலைத்தல் ஆகிய இரண்டும் இன்று பயிர்ப் பாதுகாப்பில் பெரும்பாலும் குறைகளாகக் கருதப்படுகின்றன. குறிப்பிட்ட பூச்சியை மட்டும் தாக்கி, வேலை முடிந்ததும் சிதைந்துவிடும் மருந்துகளையே ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை விரும்புகிறது. ஈக்கூண்டின் சுவரில் ஒரு மாதம் நின்ற நஞ்சு, மண்ணிலும் உடலிலும் எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்ற கேள்வி, புதிய பூச்சிக்கொல்லிகளுக்கு இசைவளிக்குமுன் இன்று கேட்கப்படும் முதன்மையான கேள்விகளுள் ஒன்றாகிவிட்டது.