துப்பாக்கிக் கொல்லர் பிரௌனிங்கின் கணக்கு

1883-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையிலுள்ள நியூ ஹேவன் நகரிலிருந்து ரயிலேறிய தாமஸ் பென்னட், கண்டத்தின் பெரும்பகுதியைக் கடந்து, யூட்டா பிரதேசத்தின் ஆக்டன் என்னும் சிற்றூரில் வந்திறங்கினார். அவர் வின்செஸ்டர் துப்பாக்கி நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவர். அந்நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர், யாரோ பயன்படுத்திய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி ஒன்றை விலைக்கு வாங்கித் தலைமையகத்துக்கு அனுப்பியிருந்தார். அதைச் செய்தவர் யார் என்று தேடித்தான் இந்தப் பயணம். பென்னட் அங்கே கண்டது ஒரு சிறிய பட்டறையையும், அதில் வேலை செய்துகொண்டிருந்த சில சகோதரர்களையும்தான். அவர்களில் மூத்தவரான ஜான் மோசஸ் பிரௌனிங்குக்கு அப்போது வயது 28.

பென்னட்டின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. நெம்புகோலை இயக்கிச் சுடும் வின்செஸ்டர் துப்பாக்கிகள் நாடெங்கும் புகழ்பெற்றிருந்தன. ஆயினும் அவற்றின் உள்ளமைப்பு, ராணுவம் பயன்படுத்திய நீண்ட, வலிமைமிக்க தோட்டாக்களைத் தாங்கக்கூடியதாக இல்லை. பெரிய விலங்குகளை வேட்டையாடுவோர் வேறு நிறுவனங்களை நாடினர். பிரௌனிங்கின் துப்பாக்கியோ எத்தகைய தோட்டாவின் அழுத்தத்தையும் எளிதில் தாங்கியது. பேரம் நீளவில்லை. 8,000 டாலருக்கு அத்துப்பாக்கியின் முழு உரிமையும் கைமாறியது. 1885-இல் அது வின்செஸ்டர் பெயரோடு கடைக்கு வந்தது.

அந்த விற்பனையின் தன்மையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு தொகை, ஒரு கையொப்பம், அத்தோடு சரி. விற்பனையாகும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இவ்வளவு என்னும் ராயல்டி கிடையாது. அடுத்த 19 ஆண்டுகள் இவ்விரு தரப்பும் இதே முறையில்தான் கொடுக்கல் வாங்கல் செய்தன. பிரௌனிங் வாழ்வின் பெரிய திருப்பமும் இந்த முறையிலிருந்தே பிறந்தது.

பிரௌனிங் 1855 ஜனவரி 23-ஆம் நாள் ஆக்டனில் பிறந்தார். தந்தை ஜோனதன் பிரௌனிங் துப்பாக்கிக் கொல்லர். மார்மன் சமயத்தைத் தழுவியவர். இல்லினாய் மாநிலத்தின் நாவு நகரைவிட்டு அச்சமயத்தார் வெளியேற நேர்ந்தபோது, அவர்களோடு மேற்கே இடம்பெயர்ந்து 1852-இல் யூட்டா வந்து சேர்ந்தவர். அவருக்கு மூன்று மனைவியர், 22 பிள்ளைகள். ஐந்து தோட்டா அறைகள் கொண்ட இரும்புச் சட்டம் ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து செல்லும் துப்பாக்கியை அவரே வடிவமைத்திருந்தார். அந்தப் பட்டறையின் குப்பைக் குவியல்தான் மகனுக்குப் பள்ளிக்கூடம். பத்து வயதளவில், அதில் கிடந்த உடைந்த குழாயையும் மரத்துண்டையும் கொண்டு ஒரு துப்பாக்கி செய்ததாகக் குடும்ப வரலாறு சொல்கிறது. 1879-ஆம் ஆண்டில் திருமணம், தந்தையின் மரணம், முதல் காப்புரிமை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

வின்செஸ்டரோடு உறவு ஏற்பட்டபின் அவருடைய கை ஓயவில்லை. 1886-ஆம் ஆண்டின் நெம்புகோல் துப்பாக்கி, பெரிய தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுட வழிசெய்தது. 1887-இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஜார்ஜியா மாநிலத்தில் சமயப்பணி ஆற்றச் சென்றுவிட்டார். அந்த இடைவெளிக்குப் பின் வந்ததுதான் 1890-ஆம் ஆண்டின் 'பம்ப்' துப்பாக்கி.

இதன் இயக்கம் எளிது. குழாயின் அடியில் மற்றொரு மெல்லிய குழல். அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிற்கும். இடக்கை பற்றியிருக்கும் மரப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் புதிய தோட்டா அறைக்குள் சென்று அமரும். வலக்கை விசையைவிட்டு நகர வேண்டியதில்லை, குறியும் கலைவதில்லை. நெம்புகோல் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் வலக்கையே வேலை செய்ய வேண்டும். முயல், அணில் போன்ற விரைந்தோடும் சிற்றுயிர்களை வேட்டையாடுவோருக்கு இந்த வேறுபாடு பெரிது.

இந்த வகையில் பிரௌனிங் முதல்வர் அல்லர். கோல்ட் நிறுவனம் 1884-லேயே 'லைட்னிங்' என்ற பெயரில் பம்ப் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. 1887-இல் அதன் 0.22 அங்குல வடிவமும் வந்தது. வின்செஸ்டருக்கு அதனோடு போட்டியிட ஒன்று தேவைப்பட்டது. பிரௌனிங் அனுப்பிய வரைபடங்களைப் பார்த்த நிறுவனத்தார் இது இயங்காது என்று எழுதியதாகவும், அவர் மறுமொழி எழுதாமல் இயங்கும் துப்பாக்கியையே செய்து அனுப்பியதாகவும் சொல்வர். 1932 வரை எட்டு லட்சத்துக்கும் அதிகமாக அது தயாரிக்கப்பட்டது. நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் காற்றுத் துப்பாக்கியால் பலூன் சுடும் கடைகளைப் போல, அமெரிக்கச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் இருந்த குறிபார்த்துச் சுடும் கூடங்களில் அரை நூற்றாண்டுக் காலம் மேசைமேல் கிடந்தது பெரும்பாலும் இதுவே.

இதன் தோட்டாக்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; பொருளாதாரம் படித்தவனுக்குத் துப்பாக்கியைவிட அவையே சுவையானவை. அதே 0.22 அங்குலப் பெயரில் அன்று பல தோட்டாக்கள் இருந்தன. 1857-இல் வந்த 'ஷார்ட்' சுமார் 1.9 கிராம் எடையுள்ள குண்டைச் சுமந்தது. மலிவானது, ஓசை குறைந்தது. 'லாங்' அதே குண்டைச் சற்று நீண்ட கூட்டில் வைத்தது. 1887-இல் வந்த 'லாங் ரைஃபிள்' 2.6 கிராம் குண்டு கொண்டது. 1890-ஆம் ஆண்டின் துப்பாக்கிக்கென்றே வின்செஸ்டர் புதிதாக உருவாக்கிய தோட்டா 'டபிள்யூ.ஆர்.எஃப்.' எனப்பட்டது, குண்டின் எடை 2.9 கிராம். மற்றவற்றில் குண்டின் மேல் பூசிய மெழுகு வெளியே தெரியும். வேட்டைக்காரரின் சட்டைப்பையிலிருந்த தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். புதிய தோட்டாவில் மெழுகு கூட்டுக்குள் மறைந்திருந்தது. அடியும் வலிது.

ஆனால், அதன் கூடு சற்றுத் தடிமன். எனவே அதற்கென அமைந்த துப்பாக்கியில் பிற தோட்டாக்களைப் போட்டுச் சுடுவது சரிவராது. மேலும், 1890-ஆம் ஆண்டின் துப்பாக்கி ஒவ்வொன்றும் ஒரேயொரு வகைத் தோட்டாவுக்கென்றே செய்யப்பட்டது. வாங்கும்போதே எதைச் சுடப்போகிறோம் என்று முடிவுசெய்தாக வேண்டும். ஆண்டுக்கு ஆயிரம் முறை சுடுபவர், துப்பாக்கியின் விலையைவிடத் தோட்டாவின் விலையைத்தான் கணக்கிட வேண்டும். மூன்று வகையையும் மாற்றி மாற்றிச் சுடும் வசதி, பின்னாளில் இதனினும் மலிவாக வந்த 1906-ஆம் ஆண்டு வடிவத்தில்தான் கிடைத்தது. ரெமிங்டன் நிறுவனமோ டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவையே தயாரித்து, போட்டியாளரின் பெயரைப் பெட்டியில் அச்சிட விரும்பாமல் 'ரெமிங்டன் ஸ்பெஷல்' என்று விற்றது. பொருள் ஒன்று, பெயர் இரண்டு.

1893-இல் பம்ப் முறையிலான சிதறுரவைத் துப்பாக்கி, 1894-இல் மான் வேட்டைக்காரர் பெரிதும் விரும்பிய நெம்புகோல் துப்பாக்கி, 1897-இல் புகையில்லா வெடிமருந்தைத் தாங்கும்படி வலுவாக்கிய சிதறுரவைத் துப்பாக்கி என்று வரிசை நீண்டது. மொத்தம் 44 வடிவமைப்புகளை வின்செஸ்டர் அவரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அவற்றில் பத்தளவே தயாரிக்கப்பட்டன. மற்றவை பெட்டிக்குள் முடங்கின. வேறு எவர் கைக்கும் அவை போய்விடக் கூடாது என்பதே அவற்றை வாங்கியதன் நோக்கம். புத்தாக்கத்தை ஊக்குவிக்கவே காப்புரிமை என்று பாடநூல்கள் கூறுகின்றன. நானும் பல்லாண்டுகள் வகுப்பறையில் அவ்வாறே கற்பித்தேன். புத்தாக்கத்தைப் பூட்டிவைக்கவும் அதே ஆவணம் உதவும் என்பதற்கு இந்த முப்பதுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. பிரௌனிங் ஏமாற்றப்பட்டார் என்று சொல்லவும் முடியாது. ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்ட பணம் தாமதமின்றி வந்தது.

முறிவு 1902-இல் நேர்ந்தது. சுடும்போது எழும் பின்னுதைப்பையே விசையாகப் பயன்படுத்தித் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் சிதறுரவைத் துப்பாக்கியை அவர் செய்து முடித்திருந்தார். தம் படைப்புகளில் இதுவே கடினமானது என்று கருதினார். இம்முறை அவர் ஒரு தொகைக்கு விற்க உடன்படவில்லை, ராயல்டி கேட்டார். பென்னட் மறுத்தார். ஒருவருக்குக் கொடுத்தால் அது வழக்கமாகிவிடும் என்பது எந்த நிர்வாகிக்கும் தோன்றக்கூடிய அச்சமே. பிரௌனிங் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

நேராக ரெமிங்டனிடம் சென்றார். அந்நிறுவனத் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைச் சந்திக்க அலுவலகத்தில் காத்திருந்தபோது, ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துவிட்ட செய்தி வந்தது. பின்னர் கப்பலேறி பெல்ஜியத்தின் லீஜ் நகரை அடைந்தார். அங்குள்ள எஃப்.என். தொழிற்சாலை, அவருடைய கைத்துப்பாக்கியை ஏற்கெனவே ராயல்டி முறையில் தயாரித்துவந்தது. புதிய சிதறுரவைத் துப்பாக்கியும் அங்கேயே உருவாயிற்று; 1905-இல் உரிமம் பெற்று ரெமிங்டனும் அதைத் தயாரித்தது. வின்செஸ்டரின் வடிவமைப்பாளர், பிரௌனிங்கின் காப்புரிமைகளை மீறாமல் ஒரு தானியங்கிச் சிதறுரவைத் துப்பாக்கியை உருவாக்கிட 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டா ஏற்றும் கைப்பிடியைக்கூட வைக்க முடியாததால், அதில் குழாயையே பிடித்துப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. குழாயின் வாய்க்கு நேரே நின்று அதைச் செய்தவர்கள் உயிரிழந்ததும் உண்டு. தாங்கள் பணம் கொடுத்து வாங்கிப் பழகிய அதே வேலியில் அவர்களே சிக்கினர் என்பது என் கருத்து.

1906-இல் ரெமிங்டன் வெளியிட்ட 'மாடல் 8' தானியங்கி வேட்டைத் துப்பாக்கியும் பிரௌனிங்குடையதே. அதற்கென 0.25, 0.30, 0.32, 0.35 அங்குலங்களில் நான்கு புதிய தோட்டாக்கள் வந்தன. இவற்றில் 0.30 ரெமிங்டன், ஆற்றலில் வின்செஸ்டரின் புகழ்பெற்ற .30-30 தோட்டாவுக்கு ஏறக்குறையச் சமம். ஆனால், அடிவிளிம்பு வேறு என்பதால் ஒன்றின் துப்பாக்கியில் மற்றொன்றைப் போட முடியாது. ஒரு முறை துப்பாக்கி வாங்கியவர் காலமெல்லாம் அதே முத்திரையுள்ள தோட்டாவைத் தேட வேண்டும். இன்றைய கைப்பேசி மின்னேற்றிகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான்கில் நீண்டகாலம் நிலைத்தது 0.35 மட்டுமே, 13 கிராம் குண்டு, வேகம் சற்றுக் குறைவு, அடர்ந்த காட்டில் அருகிலிருந்து மானை வீழ்த்தப் போதுமானது.

1912-இல் ஜான் பீடர்சன் என்பவர் இதே தோட்டாக்களுக்கு 'மாடல் 14' என்னும் பம்ப் துப்பாக்கியை ரெமிங்டனுக்காக வடிவமைத்தார். குழலில் வரிசையாக நிற்கும் தோட்டாக்களில் பின்னதன் கூர்முனை, முன்னதன் வெடிமூடியில் அழுந்தினால் விபத்து நேரலாம்; ஆகவே வின்செஸ்டர் குழல் துப்பாக்கிகளுக்குத் தட்டை முனைக் குண்டுகளே பயன்பட்டன. பீடர்சன் குழலையே திருகுச்சுருளாக முறுக்கி, ஒரு தோட்டாவின் முனை மற்றதன் மூடியில் படாதவாறு சாய்த்து நிறுத்தினார். பிரௌனிங்கோ 1895-லேயே குழலை விட்டுவிட்டுப் பெட்டி வடிவ அறைக்கு மாறியிருந்தார். பீடர்சனின் தீர்வு அழகியது; பிரௌனிங்கின் தீர்வு மலிவானது.

வேட்டைக் கருவி போர்க்கருவியாவதற்கு நெடுநாள் ஆகவில்லை. 1914 ஜூனில் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றது எஃப்.என். தயாரித்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. வாத்து வேட்டைக்கென உருவான 1897-ஆம் ஆண்டின் பம்ப் துப்பாக்கி, குழாய் குறுக்கப்பட்டுப் பதுங்குகுழிப் போருக்குச் சென்றது. 1918-இல் ஜெர்மனி அதை எதிர்த்து முறைப்படி கண்டனம் தெரிவித்தது. 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, தம் இயந்திரத் துப்பாக்கியின் உரிமையையும் தானியங்கித் துப்பாக்கியின் உரிமையையும் அவர் அரசுக்கு அளித்தார். அரசு கொடுத்தது 7,50,000 டாலர். ராயல்டி முறையில் கணக்கிட்டிருந்தால் அதைப் போல் பல மடங்கு கிடைத்திருக்கும். பென்னட்டிடம் விட்டுக்கொடுக்க மறுத்த அதே மனிதர் இங்கே பேரம் பேசவே இல்லை. அந்த ஆயுதங்கள் எத்தனை உயிர்களைப் பறிக்கப்போகின்றன என்பதையும் அவர் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் முதலாவதை வியந்து போற்றுகிறார்கள், இரண்டாவதைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே பக்கத்தில் எழுதப்பட வேண்டியவையாகவே படுகின்றன.

128 காப்புரிமைகளுக்கு உரிய அவர், முதுமையில் மீண்டும் சிறிய பம்ப் துப்பாக்கிக்குத் திரும்பினார். 1922-இல் எஃப்.என். அதைத் தயாரிக்கத் தொடங்கியது. ஐரோப்பியர் அதை 'டிராம்போன்' என்றழைத்தனர். 1926 நவம்பர் 26-ஆம் நாள், லீஜ் தொழிற்சாலையில் மகன் வாலின் அலுவலகத்தில் இதயம் செயலிழந்து பிரௌனிங் இறந்தார். உடல் ஆக்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. 'டிராம்போன்' சுடும் லாங் ரைஃபிள் தோட்டா இன்றும் உலகின் மிக மலிவான தோட்டாக்களுள் ஒன்று. 1890-ஆம் ஆண்டின் துப்பாக்கிக்கென வந்த டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவோ எப்போதாவது ஒரு முறை சிறிதளவு தயாரிக்கப்படுகிறது. பழைய துப்பாக்கிகளை வைத்திருப்போர் அதற்காகக் காத்திருந்து வாங்குகிறார்கள்.