கிப்லாவைக் கணக்கிட்ட அல்லாமா அல்பீரூனி (ரஹ்)

இன்று கைபேசியைத் திறந்தால் கிப்லா எந்தப் பக்கம் என்பது நொடியில் தெரிந்துவிடுகிறது. அதனைக் கண்டறியும் பொருட்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒரு கித்தாபை எழுதிய பேரறிஞரின் வரலாற்றை இங்கே தருகிறோம்.

அபூரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்பீரூனி அவர்கள் ஹிஜ்ரி 362-இல் (கி.பி. 973) குவாரிஸ்ம் நாட்டில், காத் நகரில் பிறந்தார்கள். இன்று அப்பகுதி உஸ்பெகிஸ்தானில் உள்ளது. கணித மேதை அபூநஸ்ர் மன்ஸூர் அவர்களே இவர்களுடைய உஸ்தாத். கி.பி. 997, மே 24 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தை இவர்கள் காத் நகரிலும், அபுல்வஃபா அல்பூஸ்ஜானி அவர்கள் பக்தாதிலும், முன்பே பேசி வைத்தபடி கவனித்தார்கள். கிரகணம் தெரிந்த நேரங்களின் வித்தியாசத்தைக் கொண்டு, இரு நகரங்களும் கிழக்கு மேற்காக எவ்வளவு விலகியுள்ளன என்பதைக் கணக்கிட்டார்கள். தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலம் அது!

கி.பி. 1017-இல் சுல்தான் மஹ்மூது (பாடநூல்களில் நாம் படித்த கஜினி முகம்மது) குவாரிஸ்மைக் கைப்பற்றி, இவர்களைக் கஸ்னாவுக்கு அழைத்துச் சென்றார். விருந்தினராகவா, கைதியாகவா என்பதில் வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். மறு ஆண்டு, காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில் கையில் பொருளும் கருவியும் இன்றித் தங்க நேர்ந்தது. கணக்கெழுதும் பலகையின் பின்புறத்தில் வட்ட வில் வரைந்து, பாகைகளைக் குறித்து, தூக்குநூலைத் தொங்கவிட்டுச் சூரியனின் உயரத்தை அளந்தார்கள். அரசவையில் பிற்காலத்தில் கிடைத்த மதிப்பு அனைத்தையும்விட அந்தப் பலகையையே நாம் பெரிதாக எண்ணுகிறோம்.

இத்தகைய அளவுகளெல்லாம் ஹிஜ்ரி 416-இல் (கி.பி. 1025) நிறைவுற்ற 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' என்னும் நூலில் ஒன்று சேர்ந்தன. வணிகக் கூட்டங்கள் சென்ற பாதைகள் வளைந்து நெளிந்தவை. அந்த வளைவுகளுக்காகத் தூரத்தைக் குறைத்துத் திருத்தி, பக்தாதிலிருந்து நகரம் நகரமாகக் கணக்கிட்டுக் கஸ்னாவை எட்டினார்கள்; பின்னர் அங்கிருந்து மக்காவின் திசையை நிர்ணயித்தார்கள். ஒரு முறையோடு நிறுத்தாமல், வெவ்வேறு முறைகளில் அதனைச் சரிபார்க்கவும் செய்தார்கள்.

சமஸ்கிருதம் கற்று, இந்திய மக்களின் கல்வியையும் வழக்கங்களையும் பற்றி கி.பி. 1030-இல் எழுதிய நூல் தனியே எழுதத்தக்கது.

மரணப் படுக்கையில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, சட்ட அறிஞர் ஒருவர் காண வந்தார். வாரிசுரிமையில் பாட்டிமார்களின் கணக்கு பற்றி அவர் முன்பு சொன்னதை மீண்டும் விளக்குமாறு அல்பீரூனி அவர்கள் கேட்டார்கள். இந்நிலையிலா என்று அவர் தயங்க, அறியாமல் போவதைவிட அறிந்து செல்வதே மேல் என்றார்கள். அவர் விளக்கினார், இவர்கள் அதனை மனனம் செய்துகொண்டார்கள். அவர் விடைபெற்று வீதிக்கு வந்தபோதே, வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டதாக யாகூத் அல்ஹமவீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.