நோபல் இல்லை... பேராசிரியர் பதவியும் இல்லை... உலகமே போடும் மாத்திரைகளுக்குப் பின்னால் இருக்கும் சுப்பாராவ் யார்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை. முடக்குவாத நோயாளிகள் வாரத்துக்கு ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட். யானைக்கால் நோயை ஒழிக்க சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை.

மூன்றும் வேறு வேறு நோய்களுக்கானவை. ஆனால் மூன்றின் கதையும் ஒரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேரும். அந்த ஆய்வுக்கூடத்தை வழிநடத்தியவர், சென்னை திருவல்லிக்கேணியில் படித்த ஒரு மாணவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறைதான் தேறினார். பெயர் யெல்லாப்பிரகடா சுப்பாராவ்.

பல்கலைக்கழக உயிரித் தொழில்நுட்பக் கருத்தரங்குகளில் இப்போது அடிக்கடி அடிபடும் வார்த்தை 'சிஸ்டம்ஸ் பயாலஜி'. செல்லுக்குள் இருக்கும் மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் பார்க்காமல், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் வலையாகப் பார்ப்பது, அந்த வலையில் எந்த முடிச்சைத் தொட்டால் நோய் அடங்கும் என்று தேடி மருந்து கண்டுபிடிப்பது என்பதுதான் இதன் சாரம். இன்று இதைக் கணினி வைத்துச் செய்கிறார்கள். கணினியே இல்லாத காலத்தில், ஈரல் சாற்றையும் சோதனைக் குழாயையும் வைத்துக்கொண்டு இதே திசையில் நடந்தவர் சுப்பாராவ்.

யார் இந்த சுப்பாராவ்?

1895 ஜனவரி 12-ம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமாவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திராவின் மேற்கு கோதாவரி பகுதி. ஏழு பிள்ளைகள் உள்ள வீடு, வருமானம் குறைவு. பணம் சம்பாதிக்கலாம் என்று சிறுவயதில் காசிக்குப் போக வீட்டை விட்டு ஓடினார். அம்மா விடவில்லை. பிடித்து இழுத்து வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் முடித்து, மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார். ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிடலாம் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. அங்கே கிடைத்த யோசனை, மருத்துவம் படித்து மக்களுக்கு உதவலாம் என்பது. அப்படித்தான் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும் மாமனாரும் கை கொடுத்தார்கள்.

கதர் உடைக்குக் கிடைத்த தண்டனை

காந்தியின் அழைப்பை ஏற்று அந்நியத் துணியை விட்ட சுப்பாராவ், அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் உடையில் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் வந்தது. சென்னை மாகாண அரசின் மருத்துவப் பணிக்கு முயன்றார், அதுவும் கைகூடவில்லை. கடைசியில் சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியராகச் சேர்ந்தார்.

இதற்கிடையே வீட்டில் பெரிய இடி. 'ஸ்ப்ரூ' என்ற நோய் அவருடைய சகோதரர்கள் இருவரை வாரிக்கொண்டு போனது. சாப்பிடும் உணவு உடலில் ஒட்டாமல் பேதியாகவே போய், ரத்தம் குறைந்து, ஆள் உருக்குலைந்துபோகும் வெப்பமண்டல நோய் இது. சுப்பாராவையும் தாக்கியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நோய் ஏன் வருகிறது, எதைக் கொடுத்தால் போகும் என்பது அன்றைய ஆங்கில மருத்துவத்துக்கே தெரியாது. இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

பகலில் படிப்பு, இரவில் வார்டு வேலை

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பல் ஏறினார் சுப்பாராவ். ஓர் அறக்கட்டளையின் உதவியும் மாமனார் கொடுத்த பணமும்தான் கைமுதல். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். இந்திய மருத்துவச் சான்றிதழை வைத்து அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியாது. அதனால் இரவில் மருத்துவமனையில் எடுபிடி ஊழியர் வேலை. கதவு திறந்துவிடுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளிகளின் மூத்திரக் கலங்களைக் கழுவுவது என எல்லாம் செய்தார்.

ஊரில் மனைவி காத்திருந்தார். இவர் போன பிறகு பிறந்த மகன், ஒரு வயதுகூட ஆவதற்குள் இறந்துபோனான். பிள்ளையின் முகத்தை அப்பா பார்க்கவே இல்லை. சுப்பாராவ் கடைசிவரை இந்தியா திரும்பவும் இல்லை.

செல்லின் 'சில்லறைக் காசு'

ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து ஆராய்ச்சி தொடங்கியது. 1925-ல் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையை இருவரும் வெளியிட்டார்கள். கரைசலில் எவ்வளவு நீலம் ஏறுகிறது என்பதை வைத்து அளவைச் சொல்லிவிடலாம். 'ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை' என்று உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான்.

1927-ல் தசையில் இருக்கும் பாஸ்போகிரியேட்டின். 1929-ல் ஏ.டி.பி. நாம் நடப்பது, மூச்சு விடுவது, யோசிப்பது என எல்லாவற்றுக்கும் செல்லுக்குள் செலவாகும் சில்லறைக் காசு இந்த ஏ.டி.பி.தான். அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக இதைக் கண்டுபிடித்தார். தசைக்கு எங்கிருந்து சக்தி வருகிறது என்பதற்கு 1922-ல் நோபல் பரிசு பெற்ற ஆய்வாளர்கள் சொல்லியிருந்த விளக்கத்தையே இந்தக் கண்டுபிடிப்புகள் மாற்றி எழுத வைத்தன.

இவ்வளவுக்குப் பிறகும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கொடுக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். விரைவிலேயே அங்கே ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார்.

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

லெடர்லேயில் அவர் குறிவைத்தது, கடுமையான ஒருவகை ரத்தசோகையைக் குணமாக்கும் பொருளை. அது ஈரலில் இருக்கிறது என்பது தெரியும், ஆனால் பிரித்தெடுக்க முடியவில்லை. அந்தப் பொருள் வைட்டமின் பி12. அதை 1948-ல் வேறு குழுக்கள் கண்டுபிடித்தன.

சுப்பாராவின் குழுவுக்குச் சிக்கியது ஃபோலிக் அமிலம். இதற்கு ஒரு முன்கதை உண்டு. மும்பையில் கர்ப்பிணிப் பெண்களின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாவதை 1931-ல் காட்டியிருந்தார். ஈஸ்ட்டில் இருக்கும் அந்த மர்மப் பொருள் எது என்பது மட்டும் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. 1945-ல் லெடர்லே குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஃபோலிக் அமிலத்தை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் தேறினார்கள். சகோதரர்கள் இருவரைப் பறித்த நோய்க்கு, சுப்பாராவின் சொந்த ஆய்வுக்கூடத்திலிருந்தே மருந்து வந்தது.

கொடுத்தால் வளரும், தடுத்தால் அடங்கும்

ஃபோலிக் அமிலம் இல்லாமல் செல் புதிதாக டி.என்.ஏ. தயாரிக்க முடியாது. டி.என்.ஏ. இல்லாவிட்டால் செல் இரண்டாகப் பிரியாது. ரத்த செல்கள் தினமும் கோடிக்கணக்கில் உருவாக வேண்டியவை. அதனால்தான் இந்தச் சத்து குறைந்தால் முதல் அடி ரத்தத்தில் விழுகிறது.

பாஸ்டனில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார் மருத்துவர் சிட்னி ஃபார்பர். சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் தயாரான ஃபோலிக் அமில வகைகளை அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நிலைமை மோசமானது. புற்றுசெல்கள் இன்னும் வேகமாகப் பெருகின.

சரி, அந்தச் சத்து செல்லுக்குள் போகாமல் தடுத்தால்? ஃபோலிக் அமிலம் போலவே தோற்றம், ஆனால் வேலை செய்யாது. சரியான சாவிக்கு முன்னால் பூட்டுக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் கள்ளச்சாவி மாதிரி. இப்படிப்பட்ட மூலக்கூறுகளையும் சுப்பாராவின் குழு தயாரித்து வைத்திருந்தது. அவற்றில் ஒன்று அமினோப்டெரின். 1947 டிசம்பர் கடைசியில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஃபார்பர் அதைச் செலுத்தினார். புற்றுசெல்கள் குறைந்தன, வீங்கியிருந்த வயிறு வற்றியது, சிறுவன் எழுந்து நடந்தான்.

1948 ஜூனில் வெளியான ஆய்வறிக்கையின்படி, சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அது சில மாதங்களே நீடித்தது, நோய் திரும்பி வந்தது. ஆனால் மருந்தால் ரத்தப் புற்றுநோயைப் பின்வாங்க வைக்க முடியும் என்பது உறுதியானது. அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட், 1956-ல் கருப்பையில் வரும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை முழுதாகக் குணப்படுத்தியது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் அது இன்றும் இருக்கிறது. முடக்குவாதம், சொரியாசிஸ் நோயாளிகளுக்கும் குறைந்த அளவில் தருகிறார்கள்.

சிஸ்டம்ஸ் பயாலஜி வகுப்பில் இன்று சொல்லித்தரும் பாடமும் இதுதான். முதலில் செல்லுக்குள் எது எதோடு இணைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரிந்தால் ஒரே இணைப்பிலிருந்து சத்து மாத்திரையும் எடுக்கலாம், புற்றுநோய் மருந்தும் எடுக்கலாம்.

யானைக்கால் முதல் பிளேக் வரை

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்கள் ஆயிரக்கணக்கில் யானைக்கால் நோய்க் கிருமியோடு திரும்பினார்கள். அதற்கு மருந்து தேடியதில் 1947-ல் வந்தது டி.இ.சி. ரத்தத்தில் சுற்றும் நுண்புழுக்களை இது அழித்துவிடும். அதனால் கொசு மூலம் அடுத்தவருக்குப் பரவுவது நிற்கும்.

1948-ல் இன்னொரு பெரிய மருந்து, ஆரியோமைசின். மிசௌரி பல்கலைக்கழக நிலத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து இது. கண்டுபிடித்தவர் பெஞ்சமின் டக்கர். 70 வயதைத் தாண்டிய அந்தத் தாவரவியல் பேராசிரியரை வேலைக்கு எடுத்து, ஆராய்ச்சிக்கு வழிவிட்டவர் சுப்பாராவ். 1994-ல் சூரத்தில் பிளேக் பீதி கிளம்பியபோது மக்கள் மருந்துக்கடைகளில் முண்டியடித்து வாங்கியது டெட்ராசைக்ளின் மாத்திரைகளைத்தான்.

பிறகு ஏன் பெயர் தெரியவில்லை?

ஆரியோமைசின் அறிவிப்பு வந்த அடுத்த மாதம், 1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார் சுப்பாராவ். வயது 53. அமினோப்டெரின் எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க அவர் இல்லை.

காரணங்கள் பல சொல்லலாம். லெடர்லேயில் எல்லாமே குழு வேலை. குழுவில் இருந்தவர்களை முன்னால் நிறுத்திவிட்டு இவர் பின்னால் நின்றார். பேட்டி, விளம்பரம் எதிலும் ஆர்வம் காட்டவில்லை. ஹார்வர்டில் கண்டுபிடித்த சில பொருட்கள் அப்போது வெளியே வராமலே போய், பின்னாளில் மற்றவர்கள் மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று, அங்கே அவரோடு வேலை பார்த்த ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் பதிவு செய்திருக்கிறார். அந்த ஹிச்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியனுடன் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். டி.என்.ஏ. தயாரிப்பைத் தடுக்கும் மருந்துகளை வடிவமைத்ததும் அந்தப் பரிசுக்கான பணிகளில் ஒன்று.

சுப்பாராவ் அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கவில்லை. ஆக, அமெரிக்காவுக்கு அவர் வெளிநாட்டுக்காரர். இந்தியாவுக்கு, போனவர் திரும்பி வரவில்லை. இரண்டு பக்கமும் கொண்டாட ஆள் இல்லாமல் போனது.

அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் விஞ்ஞானி ஒருவர், புதிதாகக் கண்டெடுத்த பூஞ்சைக்கு 'சுப்பாரோமைசஸ்' என்று பெயர் வைத்தார். 1995-ல், பிறந்த நூறாவது ஆண்டில், இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. சித்தார்த்த முகர்ஜி புற்றுநோயின் வரலாற்றை எழுதிய புத்தகம் 2011-ல் புலிட்சர் பரிசு பெற்ற பிறகு, அதில் இடம்பெற்ற சுப்பாராவின் கதை பலருக்கும் தெரியவந்தது.

தமிழ்நாட்டில் அவர் படித்த மூன்று இடங்களும், அதாவது திருவல்லிக்கேணி பள்ளியும் மெரினா எதிரே உள்ள மாநிலக் கல்லூரியும் சென்னை மருத்துவக் கல்லூரியும் இன்றும் இயங்குகின்றன. எம்.பி.பி.எஸ். கொடுக்காமல் அனுப்பிய அந்த மாணவர் உருவாக்கிய மருந்துகளை, அதே கல்லூரியில் இப்போதைய மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள்.